பொன்னாரம் சேகோ பிரைவேட் லிமிடெட் என்பவர்

தொட்டிப்புதூரில் முப்பத்தி நாலு வருஷமாக நடந்துகொண்டிருந்த ஜவ்வரிசி ஆலையான பொன்னாரம் சேகோ பிரைவேட் லிமிடெட், தை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதி அடங்கிய கையோடு, வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, கிழங்கு உரிக்கிற பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக வந்து நின்றது. நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்க முப்பத்தி நாலு வயசு மதிக்கத்தக்க ஆண்பிள்ளையாக இருந்தார், தலைமுடியில் மாவுத்தூள் படிந்திருந்தது, பக்கத்தில் போனால் மரவள்ளிப் பால் வாசனை அடித்தது, கூச்சத்தில் ஒரு காலை மற்றொரு காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புது ஆளுங்களா? பேரு என்னங்க?" என்று கேட்டார் வாட்ச்மேன் சடையன்.

வந்தவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி தன் முழுப்பேரையும், பதிவு எண்ணையும், பதிவான தேதியையும், பதிவு அலுவலக முகவரியையும் ஒரே மூச்சில் சொன்னார். முகவரி சரியாக இருந்ததால் சடையன் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனவரை யாரும் சந்தேகப்படவில்லை. வலது உள்ளங்கையில் கம்பெனியின் வட்ட முத்திரை, நடுவில் மரவள்ளி இலையோடு, பிறவி மச்சம் போல ஊதா நிறத்தில் இருந்தது. எந்த ஷெட்டில் எந்த ஓடு ஒழுகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிழங்கு உரிக்கிற பாவாயியைப் பார்த்ததும் கைகூப்பி, "டோக்கன் எண் ஒன்று அவர்களே, தாங்கள் நலமா? தங்கள் மகள் பிறந்தது நமது இரண்டாம் எண் ஷெட்டில், கிழங்குச் சக்கையாகிய திப்பி மூட்டைகளுக்குப் பின்னால், பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்தில் என்பதை இத்துடன் நினைவுகூர்கிறேன்" என்றார். பாவாயி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அந்த நேரத்தை அவள் புருஷனே மறந்துபோய்ச் செத்துப்போயிருந்தான்.

"கம்பெனியேதாண்டி" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம், உள்ளூர் பஸ்ஸில் வந்து இறங்கிய சொந்தக்காரனை அடையாளம் சொல்வது போல.

ஏன் வந்தார், எப்படி வந்தார் என்று ஊரில் ஒரு வாரம் பேசினார்கள். ஆலையை ஆரம்பித்த நாளில் போட்ட பூஜையில் மந்திரம் ஒன்று கூடிப்போய்விட்டது என்றார்கள் சிலர், இத்தனை பேர் இத்தனை வருஷம் ஒரு பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் வராமல் என்ன செய்யும் என்றார்கள் வேறு சிலர். அப்புறம் கிழங்கு லோடு வரத்து கூடிவிட்டது, ஆளாளுக்கு வேலை சரியாக இருந்தது, அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது. எங்களூரிலிருந்து படித்து டவுனில் வக்கீல் தொழில் பார்க்கிற ரெஜினாவிடம் கேட்டதற்கு, "இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? சட்டத்துல அவரு முப்பத்தி நாலு வருஷமா ஆளுதான். வந்து சேரத்தான் லேட்டு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆலையின் முதலாளி சென்னியப்பன் அவரைப் பார்த்ததும் கண்கலங்கினார். இருபத்தெட்டு வயதில் மாமனாரின் வயலை விற்று, ஒரு தகரக் கொட்டகையும் ஓர் அரவை இயந்திரமுமாக ஆரம்பித்து, காகிதத்தில் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெற்றெடுத்தது அவர்தான், ஆகவே பெற்றவனின் பார்வைதான் அவருக்கு இருந்தது. தன் அறையில் தனக்குப் பக்கத்தில் சுழல் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஆனால் கம்பெனிக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அரைமணிக்கு ஒருதரம் எழுந்து போய்க் கிழங்கு உரிக்கிற ஷெட்டில் பெண்களோடு குந்திக்கொண்டார், தூளியில் மாவைப் போட்டுக் குலுக்கி ஜவ்வரிசி மணி பிடிக்கிறவர்களோடு நின்று குலுக்கினார், களத்தில் வெயிலில் காய்கிற ஜவ்வரிசியைக் காலால் தள்ளித் தள்ளி நடந்தார். சாயங்காலம் சங்கு ஊதியதும் பாவாயியின் பின்னாலேயே போய், கீழ்த்தெருவில் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டார்.

"என்ன தம்பி, எங்க போறதுன்னு தெரியலையா?"

"தங்கும் இடம் குறித்துத் தீர்மானம் ஏதும் நிறைவேற்றப்படவில்லை."

"அட, தீர்மானமாவது ஒண்ணாவது. உள்ள வா."

பாவாயி தனியாக இருந்தாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷமாகிறது. கம்பெனி அவளோடு தங்கிக்கொண்டதில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை, முப்பத்தி நாலு வருஷம் அவள்தான் கம்பெனியில் கிடந்தாள், இப்போது கம்பெனி அவளிடம் கிடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். முடிவெட்டுகிற மாதேசு அவருக்கு முடி வெட்டியபோது கால் படி மாவு உதிர்ந்தது, மாதேசு அதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கூழ் காய்ச்சினான். கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள், அவரும் தவறாமல் போய் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டு, "தங்கள் உபசரிப்பு பெறப்பட்டது" என்று சொல்லிவிட்டு வந்தார். பாவாயியிடம் இருந்து இருந்து, மாசி முடிவதற்குள் கடித பாஷை கொஞ்சம் கொஞ்சமாக அவரிடமிருந்து உதிர்ந்து, "அக்கா, அடுப்புல பால் பொங்குது பாரு" என்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அவர் வந்து சேர்ந்ததில் கீழ்த்தெருவுக்கு மட்டும் வேறொரு காரியம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், கிழங்கு கழுவிய தண்ணீர் போகிற வாய்க்கால் கிழக்குப் பக்கமாகத் திருப்பப்பட்டது. ஆறே மாதத்தில் கீழ்த்தெருப் பொதுக்கிணறு புளித்துப்போனது. அதை மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், குளித்த பிள்ளைகளுக்கு முழங்கால் மடிப்பில் சொறி வரும், துவைத்த துணி காய்ந்த பிறகும் மோர் வாடை அடிக்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒன்றரை மைல் போக வேண்டும். கீழ்த்தெருக்காரர்கள் சென்னியப்பனிடம் எத்தனையோ தரம் போய் நின்றார்கள். அவர் ஒருநாளும் அதட்டியதில்லை, உட்காரச் சொல்லி மோர் கொடுத்து, "நான் என்னம்மா பண்ணுவேன், அது கம்பெனி முடிவு. கம்பெனியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்" என்று கைகூப்புவார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. சொல்லிச் சொல்லி, அப்படி ஒருவர் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறார் என்றே அவரும் நம்பிவிட்டிருந்தார்.

இப்போது அந்த ஒருவர் பாவாயி வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பங்குனி வெயிலில் ஒருநாள் பாவாயி கேட்டாள்.

"தம்பி, மனசுல ஒண்ணு கெடந்து அறுக்குது, கேட்டுப்புடறேன். எங்க கெணத்துல ஏன் அந்தத் தண்ணிய விட்ட?"

கம்பெனி உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியலையே அக்கா. என்னைய யாரும் கேக்கல."

"நீதான் முடிவு பண்ணேன்னு மொதலாளி சொல்றாரு."

"என் பேருல கையெழுத்து இருக்கு. முத்திரையும் நான்தான் வெச்சேன். ஆனா யாரும் கேக்கல."

அவர் எழுந்து நேராகப் பொதுக்கிணற்றுக்குப் போனார், ஐந்தாறு வருஷமாகக் குடிக்க யாரும் இறைக்காத கிணற்றில் கயிற்றைப் போட்டு ஒரு வாளி இறைத்தார், பாவாயி பின்னாலேயே ஓடி "வேண்டாஞ்சாமி, வேண்டாம்" என்று கையைப் பிடிப்பதற்குள் வாளியைத் தூக்கி வயிறு நிறையக் குடித்துவிட்டார்.

அன்று மாலையே காய்ச்சல் கண்டது. அவர் படுத்ததும் ஆலையும் படுத்தது. பெல்ட்டுகள் தாமாக நழுவின, வறுக்கிற சட்டிகளுக்குக் கீழே விறகு எரிந்துகொண்டிருக்கும்போதே சட்டி சூடேறவில்லை, நல்ல வெயிலில் களத்தில் பரப்பிய ஜவ்வரிசி மூன்று நாளாக ஈரமாகவே கிடந்தது, ஷெட்டுச் சுவர்கள் வியர்த்து வியர்த்து ஒழுகின. பாவாயி அவர் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே இருந்தாள், துணியைப் பிழிந்தால் வெள்ளையாகப் பால் இறங்கியது. வேலையில்லாமல் நின்ற நாற்பது பெண்களும் முறை வைத்து வந்து கஞ்சி கொடுத்தார்கள், கால் அமுக்கினார்கள். மூன்றாம் நாள் சென்னியப்பன் டாக்டரைக் கூட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முதலாகக் கீழ்த்தெருவுக்குள் நடந்து வந்து, தலைகுனிந்து பாவாயியின் வீட்டுக்குள் நுழைந்து, பாயின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"என்னடா இது, சாமி" என்று கம்பெனியின் காலைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் அனலாக அடித்தது. அந்த நேரம் அவர் நிஜமாகவே அழுதார், அதைக் கீழ்த்தெரு பார்த்தது.

காய்ச்சல் இறங்கி ஆலை ஓட ஆரம்பித்ததும், ரெஜினா கீழ்த்தெருவின் சார்பில் மனு எழுதிக் கொடுக்க, தண்ணீரைச் சோதிக்க அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். வந்தவர்களை உள்ளே விடவில்லை. சென்னியப்பனுக்குப் பெரிய ஊரிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார், அந்த மூன்று நாள் சங்கதியைக் கேட்டதும் அவர் மேஜையைத் தட்டி, "சார், அவருக்குக் காய்ச்சல் வந்தா ஆலை நிக்குதுன்னா, ஆலை அவரோட உடம்பு. ஓர் ஆளோட உடம்புக்குள்ள அனுமதி இல்லாம யார் சார் கையை விட முடியும்? அவர் ஆள்னா ஆளுக்கு உண்டான அத்தனை உரிமையும் அவருக்கு வேணும். முதல்ல ஓட்டர் லிஸ்ட்ல பேரை ஏத்துங்க, மீதி தன்னால வரும்" என்றார்.

இப்படியாக மே மாதம் முதல் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் கூடிய கிராமசபையில், பொன்னாரம் சேகோ பிரைவேட் லிமிடெட் என்பவரை ஊரின் வாக்காளராகச் சேர்க்கப் பரிந்துரைக்கலாமா என்ற கேள்வி வந்தது. பஞ்சாயத்துத் தலைவி பூங்கொடி புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "அவரவர் மனசுல உள்ளதைச் சொல்லுங்க. ஆளு இங்கதான் உக்காந்திருக்காரு, அவரு மனசு நோகாம சொல்லுங்க" என்றாள். கம்பெனி முதல் வரிசையில் பாவாயிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரோ பெற்ற கைக்குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"முடி வெட்டறேன், வளருது. அப்பறம் என்ன, ஆளுதான்" என்றான் மாதேசு.

"எம் மாமியா செத்தப்ப கூட இருந்து பாடை தூக்குனாரு. எங்க அண்ணன் தம்பி வரல" என்றாள் ஒருத்தி.

"தப்புப் பண்ணுனா ஜெயில்ல போடுவாங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அபராதம் போடலாம். அடைக்க முடியாது" என்றாள் ரெஜினா.

"சாவாரா?"

"கலைச்சா உண்டு. தானாச் சாக மாட்டார். நாம எல்லாரும் போன பிறகும் இருப்பார்."

 நூறு தேர்தல், இருநூறு தேர்தல் என்று ஓட்டுப் போட்டுக்கொண்டே இருக்கப்போகிற ஒருவரை எல்லோரும் அன்போடும் லேசான பயத்தோடும் பார்த்தார்கள். பூங்கொடி குனிந்து அவரிடமே கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஓட்டு வேணுங்களா?"

"குடுத்தா வாங்கிக்கறேங்க" என்றார் கம்பெனி. பிறகு ரொம்ப நியாயமான ஒரு சந்தேகம் அவருக்கு வந்தது. "ஆனா யாரு சொல்றதுக்குப் போடணும்? மொதலாளி சொல்றதுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. கைக்குழந்தை அவர் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பாவாயி மெதுவாக எழுந்தாள், ஊர்க் கூட்டத்தில் அவள் பேசுவது அதுதான் முதல்தரம்.

"எம் பொறப்பு மாதிரிதான் இவன வெச்சிருக்கறேன். இவனுக்குச் சோறு போடுங்க, பொண்ணு குடுக்கறதுன்னாக்கூடக் குடுங்க. ஓட்டு வேண்டாம். மொதலாளிக்கு ஒரு ஓட்டு இருக்குது, எனக்கு ஒண்ணு இருக்குது. இவனுக்கும் ஒண்ணு குடுத்தா மொதலாளிக்கு ரெண்டாயிரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "கோவமா தம்பி?" என்று கேட்டாள். "இல்லக்கா, நீ சொல்றது சரியாத்தான் இருக்குது" என்றார் கம்பெனி. ஓட்டு இல்லை, ஊர்த் திருவிழாவில் பொங்கல் வைக்க அவருக்கு ஓர் அடுப்பு உண்டு என்று தீர்மானம் எழுதினார்கள்.

சென்னியப்பன் விடவில்லை. ஆடி மாதம் கோர்ட்டில் வழக்கு வந்தது. கம்பெனியும் மனிதரே, ஆலை அவர் உடம்பே, அவர் சம்மதம் இல்லாமல் எந்த அதிகாரியும் உள்ளே கால் வைக்கக் கூடாது, கிணறு பற்றி அவரைப் பேசச் சொல்லவும் கூடாது, பேச விருப்பமில்லாதவனைப் பேசச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பது வழக்கு. அவரே கூண்டில் ஏறித் தன் வாயால் அதைச் சொல்லப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் கீழ்த்தெருவில் யாரும் பதறவில்லை. அவன் நம்ம பிள்ளை, உள்ளதைச் சொல்வான் என்றுதான் நினைத்தார்கள். கிழங்கு உரிக்கிற பெண்கள் எல்லோரும் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் பிடித்து கோர்ட்டுக்குப் போனார்கள். பாவாயி அவருக்குப் புதுச்சட்டை போட்டு, வழியில் சாப்பிடத் தூக்குவாளியில் புளிச்சோறு எடுத்துக்கொண்டாள்.

கம்பெனி கூண்டில் ஏறிச் சத்தியப் பிரமாணம் செய்தார். நீதிபதி கண்ணாடி போட்ட அம்மாள், ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சொல்லுங்க. நீங்க என்ன கேட்டு வந்திருக்கீங்க?" என்றார்.

கம்பெனி வாயைத் திறந்தார். வந்தது சென்னியப்பனின் குரல்.

கரகரப்பும், வார்த்தைக்கு முன்னால் தொண்டையைச் செருமுவதும், எல்லாம் அப்படியே சென்னியப்பன்தான். "கனம் கோர்ட்டார் அவர்களே, நேற்றைய இயக்குநர் குழுத் தீர்மானத்தின்படி, நான் ஒரு மனிதன். என் உடம்புக்குள் அன்னியர் நுழைய நான் சம்மதிக்கவில்லை. கீழ்த்தெருக் கிணறு குறித்து நான் பேச விரும்பவில்லை" என்று அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. கம்பெனியின் கண்கள் மட்டும் பாவாயியைத் தேடிக் கண்டுபிடித்து, வெள்ளத்தில் போகிறவன் கரையைப் பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவரால் நிறுத்த முடியவில்லை. கூடத்தில் இருந்த பெண்கள் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பாவாயிக்கு அவர்மேல் கோபமே வரவில்லை, ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்போது அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, கூண்டின் கட்டையிலிருந்து எழுந்து வந்து அவர் வாயைப் பொத்தியது.

குரல் நின்றது. இடது கையும் எழுந்து வலது கையின் மேல் அமர்ந்து அழுத்திக்கொண்டது. 

"யார் இவர் வாயைப் பொத்துறது?" என்றார் நீதிபதி.

ரெஜினா எழுந்தாள். "அம்மா, அந்தக் கையைக் கிட்டத்துல பாக்க அனுமதி வேணும்." அனுமதி கிடைத்ததும் அவள் பாவாயியைக் கூண்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, அவள் இடது கையை நீட்டச் சொன்னாள். பாவாயியின் ஆள்காட்டி விரலில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கிழங்குக் கத்தி பட்ட வெட்டு, நகத்துக்குக் கீழே சாய்வாக இருந்தது. கம்பெனியின் இடது ஆள்காட்டி விரலிலும் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. "இது என் கையிங்க" என்றாள் பாவாயி. பின்னாலிருந்து இன்னொருத்தி எழுந்து வந்து, வறுசட்டியில் சுட்டுக்கொண்ட மணிக்கட்டைக் காட்டினாள், அந்தத் தழும்பும் அவரிடம் இருந்தது. பெல்ட்டில் நசுங்கிய சுண்டுவிரல் இருந்தது, புளிப்புத் தண்ணீரில் வெடித்த ரேகைகள் இருந்தன, எத்தனை பெண்கள் வந்து கையை நீட்டினார்களோ அத்தனை பேருடைய கையும் அந்த இரண்டு கைகளில் இருந்தது. நீதிபதி எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

சென்னியப்பன் பொறுக்கமாட்டாமல் எழுந்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கூண்டில் இருந்தவரின் வாயைப் பொத்திய கை அவருடைய குரலையும் பொத்திவிட்டிருந்தது. உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, காற்றுகூட வெளியே வரவில்லை. பெரிய ஊர் வக்கீல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், குடித்துவிட்டு மறுபடி முயன்றார். ஒன்றுமில்லை.

"நீங்க யார் சார்பா பேசப் பாக்குறீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

சென்னியப்பனின் உதடுகள் 'கம்பெனி' என்று அசைந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"அந்தப் பேர்ல வேண்டாம். உங்க பேர்ல பேசிப் பாருங்க."

அறுபத்திரண்டு வயது மனிதர், மூன்று மில் முதலாளிகளின் சம்பந்தி, கோயில் கமிட்டித் தலைவர், அந்தக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு தன் பேரைத் தேடினார். வேர்த்துக் கொட்டியது. கீழ்த்தெருப் பெண்கள் நாற்பது பேரும் கையை நீட்டியபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பார்வையில் பகை இல்லை, பிள்ளைப்பேறு நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர்களின் பார்வை அது. 

"சென்னியப்பன்" என்றார். குரல் வந்தது. அவரே அதைக் கேட்டுத் திடுக்கிட்டார். "நான் சென்னியப்பன். கோவிந்தன் மகன். வாய்க்காலைக் கெழக்குப் பக்கம் திருப்பச் சொன்னது நான்தான். மேக்க எங்க தென்னந்தோப்பு இருக்குது. தோப்பு கெட்டுப்போயிரும்னு திருப்பச் சொன்னேன். கெணறு கெடும்னு தெரியும்." கீழ்த்தெருப் பெண்களின் பக்கம் திரும்பினார். "தெரியும். தெரியாதுன்னு சொல்ல முடியாது."

அதைச் சொல்லி முடித்ததும் கம்பெனியின் கைகள் தாமாகக் கீழே இறங்கின. நீதிபதி அவரிடம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார். கம்பெனி உதட்டைத் துடைத்துக்கொண்டு, சொந்தக் குரலில், வெட்கத்தோடு, "இல்லீங்க. எங்கக்காவுக்கு நாலு மணி பஸ்ஸு. விட்டா ஏழு மணிக்குத்தான்" என்றார்.

தீர்ப்பு இரண்டு பக்கம்தான் இருந்தது. கம்பெனி சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், அவர்மேல் வழக்கும் போடலாம், அந்த அளவுக்கு அவர் ஆள். உயிரோடு இருப்பவருக்கு உடம்பும் மனசாட்சியும் இருப்பதால் கிடைக்கிற உரிமைகளை இவருக்குக் கொடுத்தால் அது இவர் வாய்க்குப் பின்னால் நிற்கிறவர் கைக்குத்தான் போய்ச் சேரும் என்றும், இவர் கையாக இருந்து உழைத்தவர்களுக்கு அதில் ஒரு பருக்கையும் போகாது என்றும் எழுதி, ஆலைக் கதவைத் திறக்க உத்தரவிட்டிருந்தார் நீதிபதி. கடைசியில், சாட்சியை இனிமேல் எவரும் அவர் விருப்பமின்றிப் பேசவைத்து நோகடிக்க வேண்டாம் என்று கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்.

அதிகாரிகள் வந்து தண்ணீரைச் சோதித்தார்கள், வாய்க்காலை மேற்கே திருப்பி, ஆலையின் கழிவுநீரைச் சுத்தப்படுத்த அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பை வெட்டி நான்கு பெரிய தொட்டிகள் கட்டவைத்தார்கள். சென்னியப்பன் முதல் மரம் சாய்கிற அன்று வந்து நின்றார். முன்னைப்போல மோர் கொடுத்துக் கைகூப்புகிற பழக்கம் அவரை விட்டுப்போயிருந்தது. யாராவது ஏதாவது கேட்டால் முகம் சிவந்து, தடுமாறி, ஆமாம் என்றோ இல்லை என்றோ அவரே பதில் சொன்னார், சில நாள் கோபித்துக் கத்தினார், அது எங்களுக்குப் பிடித்திருந்தது. தொட்டி தோண்டியதில் பாதி கம்பெனி தோண்டியது. கிணறு ஒரே நாளில் தெளிந்துவிடவில்லை. இரண்டு ஐப்பசி மழையை வாங்கி, நான்கு தரம் சேறு வாரி, மூன்றாம் வருஷம் சித்திரையில்தான் பூங்கொடி வீட்டு எருமை முதன்முதலாக அந்தத் தண்ணீரில் வாயை வைத்து, நிமிராமல் குடித்தது. அதைப் பார்க்க ஊரே கூடியிருந்தது, கம்பெனி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த வருஷம்தான் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தாள். வெளியூர்ப் பெண், புதுசாக வேலைக்குச் சேர்ந்தவள், வெயிலில் முகம் கருத்துப்போயிருந்தது. பாவாயி அவளை நிழலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே கம்பெனி அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"இந்த வீட்டுல எத்தனை பேரும்மா?"

பாவாயி உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். புகையில் கண் எரிந்து, தோள்பட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பெனி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஆளு ஒண்ணு" என்றாள் பாவாயி. "தட்டு ரெண்டு."

டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், தட்டுக்கு அதில் கட்டம் இல்லை.

"பரவாயில்ல, ஓரத்துல எங்கியாவது எழுதிக்க" என்றாள் பாவாயி. "விட்டுறாத. எழுதிக்க."